மருமகளைப் பற்றி ஒரு வரி இல்லை

ஏலே மக்கா,

போனில் சொன்னால் நீ ‘ம்’ கொட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் வேறு வேலை பார்ப்பாய். எந்த ‘ம்’ நிஜமாகக் கேட்டுக் கொட்டுவது, எந்த ‘ம்’ சும்மா கொட்டுவது என்பது எனக்கு அத்துப்படி. அதனால்தான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குப் பெற்றவர்கள் சொல்ல நினைப்பதை எழுதித் தாருங்கள் என்று ஒரு வார இதழில் கேட்டிருக்கிறார்கள். ஆக, உனக்கு எழுதுவதை ஊரும் படிக்கும். அதற்காக நீ கூச்சப்பட வேண்டாம். நம் சொந்தக்காரர்கள் யாரும் நான் எழுதுவதைப் படிப்பதில்லை. படித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கோபப்படுவார்கள், அவ்வளவுதான்.

பூ வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து நீ என்னிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாய். “அவ எப்படிம்மா? ஒனக்கு என்ன தோணுது?” நான் சமையலைப் பேசுகிறேன், மண்டபத்தைப் பேசுகிறேன், உன் அப்பாவின் முழங்கால் வலியைப் பேசுகிறேன், அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. பார்த்த மாத்திரத்தில் ஆளைச் சொல்லிவிடுகிற அம்மா, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டால் எந்த மகனுக்கும் பயம் வரத்தான் செய்யும். அம்மாவுக்குப் பிடிக்கவில்லையோ, எதையோ கண்டுபிடித்துவிட்டு மறைக்கிறாளோ என்று நீ அப்பாவிடம் கேட்டிருக்கிறாய். அவர் வந்து என்னிடம் அப்படியே ஒப்பித்துவிட்டார். மில்லில் இருந்த காலத்திலேயே அவரிடம் ரகசியம் தங்காது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வரி இருக்காது. பெயர் இருக்காது. என்ன படித்தாள், எங்கே வேலை, நீங்கள் இரண்டு பேரும் எங்கே எப்படிப் பழகினீர்கள், ஒன்றும் இருக்காது. ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

என் தொழில் என்ன என்று உனக்கு யாரும் சரியாகச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டபோது நீ ‘அம்மா வீட்டில் இருக்கிறாள்’ என்று எழுதிக்கொடுத்தாய், அதுவும் தப்பில்லை. நான் மனிதர்களைப் பார்க்கிறேன். பார்த்ததை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பார்க்க எங்கேயும் தனியாகப் போனதில்லை. கல்யாணப் பந்தி போதும், துட்டி வீடு போதும், அம்பை போகிற பஸ் போதும். பந்தியில் சாம்பார் வாளி வரும்போது இலையைக் கையால் மறைத்து ‘போதும், போதும்’ என்கிறவனைக் கவனித்திருக்கிறாயா? விரல்களை நன்றாக அகட்டித்தான் வைத்திருப்பான். பஸ்ஸில் நிற்கிறபோது ‘கொஞ்சம் தள்ளி உக்காந்தா என்னவாம்’ என்று கேட்டவன், இடம் கிடைத்து உட்கார்ந்ததும் முழங்காலை விரித்துக்கொண்டு ‘உள்ளதான் அம்புட்டு இடம் கெடக்கே, போவ வேண்டியதான’ என்பான். இரண்டும் ஒரே ஆள். நடுவில் ஒரு ஸ்டாப்புதான் கடந்திருக்கும்.

துட்டி கேட்கப் போகிற வீட்டில் இன்னும் நன்றாகத் தெரியும். செத்தவரைப் பற்றிப் பேச்சு கொஞ்ச நேரம்தான் ஓடும். அப்புறம் ஒவ்வொருவரும் அந்தச் செய்தி தனக்கு எப்படி வந்தது என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். ‘நான் அப்பந்தான் தோசைக்குக் கல்லைப் போடுதேன், போன் அடிக்கி.’ ‘நான் ஒரு காலைச் செருப்புல விட்டுட்டேன், மறு காலை விடலை, அதுக்குள்ள இவன் ஓடி வாரான்.’ அந்தச் சாவில் அவரவர்க்கு அவரவர் தோசைதான் பெரிதாகத் தெரியும். இதில் கெட்டவர்கள் யாரும் இல்லை. நானும் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ‘மனசுல எதையும் வச்சுக்கிட மாட்டேன்’ என்கிறவர்கள் நீ பிறப்பதற்கு முன்னால் நடந்த விருந்தில் தங்கள் இலைக்கு அப்பளம் வராததை இன்னும் சொல்வார்கள். ‘நான் வெளிப்படையாப் பேசுறவன்’ என்கிறவரிடம் நீ ஒருநாள் வெளிப்படையாகப் பேசிப் பார், அப்போது தெரியும் சங்கதி.

இதையெல்லாம் எழுதியதால் எனக்குக் கொஞ்சம் பேர் கிடைத்தது, கொஞ்சம் பகையும் கிடைத்தது. பகை வந்ததுதான் வேடிக்கை. முதல் நாவலில் ஒரு பெண்பிள்ளை வருவாள். யார் வீட்டுக்கு வந்தாலும் காப்பிக்குச் சர்க்கரையைக் கரண்டியில் அள்ளி, டப்பா விளிம்பில் தட்டித் தட்டிப் பாதியை உள்ளேயே உதிர்த்துவிட்டு மீதியைப் போடுவாள். எதிர்வீட்டுக் கோமதியைப் பார்த்துத்தான் எழுதினேன். புத்தகம் வந்ததும் சண்டைக்கு வந்தது யார் தெரியுமா? பின்தெருவில் இருக்கிற ஒருத்தி. அவள் வீட்டில் நான் ஒரு வாய் தண்ணீர் கூடக் குடித்ததில்லை. கோமதியோ அன்று சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “யக்கா, அவளை நல்லாக் குடுத்திருக்கீய. அந்தக் கஞ்சப் பிசுநாரிக்கு வேணும்” என்றாள். மனிதர்கள் அடுத்தவரை எங்கே கண்டாலும் அடையாளம் தெரிந்துகொள்வார்கள். தங்களை மட்டும் எதிரே கொண்டுவந்து நிறுத்தினாலும் ‘வழி விடுங்க’ என்று ஒதுங்கிப் போய்விடுவார்கள். நானும் அந்தக் கூட்டம்தான் என்பது போன ஆவணியில்தான் எனக்குத் தெரிந்தது.

நீ போன் பண்ணி விஷயத்தைச் சொன்னாய். பெண் வீடு சீவலப்பேரி ஆற்றங்கரைத் தெரு, அப்பா வயல் வைத்திருக்கிறார், இவ்வளவுதான் சொன்னாய். மற்றதை நானே பார்த்துக்கொள்வேன் என்று உனக்கும் தெரியும். நம் ஊரில் கல்யாணம் பேசுமுன் ஆள் விட்டு விசாரிப்பார்கள். டீக்கடை, சலூன், ரேஷன் கடை என்று ஒருவர் போய்ப் பேச்சுக் கொடுத்துவிட்டு வருவார். விக்கிரமசிங்கபுரத்தில் பாதிக் கல்யாணத்துக்கு என்னைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். சொந்த மகனுக்கு இன்னொருவரை அனுப்புவேனா? காலண்டரைப் பார்த்தேன். அஷ்டமி, நவமி இல்லாத நல்ல புதன்கிழமை ஒன்று இருந்தது. பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பினேன். உன் அப்பா வாசலில் நின்று, “எழுதுறவளாப் போறியா, மாமியாராப் போறியா?” என்று கேட்டார். “சவத்த, பேசாம இரும்” என்று சொல்லிவிட்டுப் போனேன்.

என் முறை உனக்குத் தெரியாது. ஊருக்குள் போய் விசாரிக்கக் கூடாது. ஊருக்குப் போகிற டவுன் பஸ்ஸில் விசாரிக்க வேண்டும். ஊருக்குள் எல்லோரும் உஷாராக இருப்பார்கள். பஸ்ஸில் வாய் சும்மா இருக்காது. நேராகப் பெண்ணைப் பற்றி ஆரம்பித்தால் காரியம் கெட்டது. கோயில் கொடைத் திருவிழா எப்போது என்று ஆரம்பிக்க வேண்டும். கொடையிலிருந்து வரி, வரியிலிருந்து தகராறு, தகராறிலிருந்து குடும்பங்கள். ஜங்ஷனில் சீவலப்பேரி பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் ஓர் அம்மாள் ஒயர் கூடையோடு வந்து உட்கார்ந்தாள். காற்று வரட்டும் என்று ஜன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்தேன். சிரித்தாள். மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

கொடையைக் கேட்டேன். “அது எங்கக்கா, வரியிலல்லா தகராறு. பைய நடக்கும்” என்றாள். கொஞ்ச தூரம் போனதும் ஆற்றங்கரைத் தெருவில் வயல்காரர் ஒருவர் இருக்கிறாராமே, குடும்பம் எப்படி என்று யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன்.

“அவரா? அவரு வாயில வெரலை வச்சாலும் கடிக்கத் தெரியாத மனுசன். ஆனா அவரு வீட்டம்மா இருக்காள்லா…” என்று குரலைத் தாழ்த்தினாள்.

“ஏன், வாய்க்காரியோ?”

“வாயா அது? அவ பேச ஆரம்பிச்சா எதிர்ல வார மாடு ஒதுங்கிப் போவும். ஆனா ஒண்ணு சொல்லுதேங்க்கா, உள்ளுக்குள்ள சூது கெடையாது. சோறு போட்டா வந்தவன் போனவன் எல்லாத்துக்கும் போடுவா. அவளுக்கு ஒரே மனத்தாங்கல். இம்புட்டுச் செஞ்சும் நல்லவன்னு ஒரு வார்த்தை ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவளேன்னு.”

“பாவம், பாராட்டுக்கு ஏங்குதா” என்றேன் நான், பெரிய கெட்டிக்காரியாட்டம்.

“அதேதான். கரெக்டாப் புடிச்சிட்டீய” என்றாள் அவள்.

ஊர் வந்ததும் இறங்கிக்கொண்டு, “வீட்டுல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க” என்றாள். எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே என்று தலையாட்டினேன். அதே பஸ்ஸில் திரும்பி வந்து உன் அப்பாவிடம், சம்பந்தியம்மா வாய்க்காரி, கை தாராளம், புகழ்ந்தால் போதும், சமாளித்துவிடலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். அன்று எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனோமே, நீயும்தான் இருந்தாய். உன் கண் அப்போது வேறெங்கோ இருந்தது. வாசலில் வந்து எங்களைக் கூப்பிட்டது யார் என்று நீ கவனித்திருக்க மாட்டாய். ஒயர் கூடை அம்மாள். “வாங்க மைனி. அன்னைக்கு ஜன்னல் சீட்டை எனக்குக் குடுத்தீயல்லா, இன்னைக்கு நடு நாற்காலி ஒங்களுக்கு” என்றாள்.  உன் அப்பாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எங்கள் கல்யாணத்தன்று கூட அப்படிச் சிரித்ததில்லை.

நடந்தது இதுதான். அவர்கள் வீட்டிலும் அதே காலண்டர்தான் தொங்குகிறது. அதே புதன்கிழமை அவளும் நல்ல நாள் பார்த்து, நம்மை விசாரிக்க முதல் பஸ்ஸில் நம் தெருவுக்கு வந்துவிட்டாள். நேராகப் போனது கோமதி வீட்டுக்கு. கோமதி காப்பி கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் வாசல்படி இறங்கிக் கிளம்பியிருக்கிறேன். “அந்தா, பச்சைச் சேலை கட்டி விறுவிறுன்னு போறாவல்லா, அவியதான் பையனுக்க அம்மா” என்று கோமதி கை காட்டியிருக்கிறாள். அம்மாள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு என் பின்னாலேயே வந்து, நான் ஏறின பஸ்ஸில் ஏறி, ஜங்ஷனில் நான் மாறின பஸ்ஸில் மாறி, தேடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அவள் ஊரைத் தோண்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் என்னைத் தோண்டிக்கொண்டிருந்தாள். இதைக் கடிதத்தில் போடலாமா என்று அவளிடமே கேட்டேன். “தாராளமாப் போடுங்க மைனி. நெறத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிப் போடுங்க” என்றாள். நல்ல மாநிறம், போட்டுவிட்டேன்.

“கோமதி என்னைப் பத்தி என்ன சொன்னா?” என்று அன்றே கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா? முதலில் மழுப்பினாள். அப்புறம் சொன்னாள்: “பையன் தங்கமாம். அவிய அப்பா அதைவிடத் தங்கமாம். ஒங்களைச் சொல்லும்போதுதான், ‘நல்லவுகதான், ஒரு குத்தமும் சொல்ல முடியாது. ஆனா அவிய நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போனா, பொறவு நான் போய்க் கண்ணாடியைப் பாத்துக்கிடுவேன், மூஞ்சில என்னத்தைக் கண்டுட்டுப் போனாவளோன்னு’ன்னு சொன்னாவ.”

இத்தனை வருஷமாக எழுதுகிறேன், மக்கா. யாரைப் பற்றியும் எனக்கு இப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. முதலில் எனக்கு வந்தது பொறாமைதான். வலி பிறகு வந்தது.

பெண் வந்து உட்கார்ந்தாள். (இங்கே ஒரு பாரா எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.) மாப்பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டுமானால் பேசட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவள் உன்னோடு பேச வேண்டாம், அத்தையோடு பேச வேண்டும் என்றாள். எல்லோரும் முழித்தார்கள், நீயும் முழித்தாய். புறவாசலில் தொட்டிப் பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவள் சொன்னதில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் இங்கே போட்டுக்கொள்கிறேன். அதற்கு வாட்ஸாப்பில் அனுமதி கேட்டேன், ஒரு கட்டைவிரல் பதிலாக வந்தது. அந்த வாக்கியம்: “அத்தே, ஒங்க புஸ்தகம் எல்லாத்தையும் படிச்சிருக்கேன், என்னையப் பத்தி எப்பவும் எழுத மாட்டேன்னு சொல்லுங்க, நான் சம்மதிக்கேன்.”

எனக்கு உடனே சரி என்று சொல்ல வரவில்லை. ஒரு வாரம் கொடு என்றேன். வீட்டுக்குள் திரும்பி வந்து காப்பியைக் குடித்துவிட்டு, தகவல் சொல்லுகிறோம் என்று கிளம்பிவிட்டோம். அவள் கேட்டதைக் காரில் உனக்குச் சொன்னேன். நீ வேலைக்குத் திரும்பி ஓசூருக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினாய்.

“இதுக்கெல்லாம் யோசிப்பாவளாம்மா? சரின்னு சொல்லிரு. பொறவு பேரை மாத்தி எழுதிக்கோ. அவளுக்கு எப்படித் தெரியப் போவுது?”

உன்மேல் எனக்கு அன்று வந்த கோபம் இதுவரை வந்ததில்லை. திட்டாமல் வைத்துவிட்டேன். இப்போது திட்டுகிறேன், வாங்கிக்கொள். கட்டிக்கப் போகிறவளிடம் முதல் வாக்கையே ஏமாற்றாகக் கொடுக்கச் சொல்கிறாயே, கோட்டிக்காரா! நீ கெட்டவன் இல்லை. எல்லோருக்கும் சரி சொல்லிவிட்டுப் போகிறவன். அப்பாவிடம் இன்ஜினியரிங் சரி, என்னிடம் தமிழ் படிக்கிறேன் சரி, சிநேகிதனிடம் சினிமா சரி, மூன்றும் ஒரே சாயங்காலம் சொன்னவன் நீ. மற்றவர்களிடம் அது செல்லும். பெண்டாட்டியிடம் செல்லாது. வீட்டில் கூட இருக்கிறவளுக்கு உன் ‘சரி’யில் எது வெறும் சத்தம் என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். முடியாததை முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிடு. சண்டை வரும், வரட்டும். சண்டை முடிந்து சோற்றுக்கு உட்காருவீர்கள். உன்னுடைய ‘சரி’யை நம்பிக் காத்திருந்து ஏமாந்தவள் சண்டை கூடப் போட மாட்டாள். அது ரொம்ப மோசம். இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று இருந்தால் இது ஒன்றுதான்.

நான் ஏன் தயங்கினேன் என்றும் சொல்ல வேண்டும். எழுதாமல் இருப்பது கஷ்டம் என்பதால் இல்லை. பார்க்கிறபோதே எனக்கு வாக்கியம் வந்துவிடும், அதை என்ன செய்ய? நாக்கைக் கட்டலாம், கையைக் கட்டலாம், அதைக் கட்ட முடியுமா? எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு மனசுக்குள் எழுதிக்கொண்டே அவளோடு ஒரே அடுப்பில் நின்றால் அதுவும் நீ சொன்ன ஏமாற்றுதானே. அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

வாரத்தின் நடுவில் கோமதி வீட்டுக்குப் போனேன். சண்டை போடுவதா, கண்ணாடி வாக்கியத்தை மெச்சுவதா என்று தெரியாமலே போனேன். அவள் வழக்கம்போலக் காப்பி போட்டாள். டப்பாவைத் திறந்தாள், அப்படியே டம்ளரில் சாய்த்தாள், சர்க்கரை பொலபொலவென்று விழுந்தது. கரண்டியே இல்லை.

“கரண்டி எங்க கோமதி?”

“எந்தக் கரண்டி?”

“சர்க்கரைக்குப் போடுவியே, தட்டித் தட்டி.”

“அது தொலைஞ்சு போயி எத்தனையோ வருசமாச்சேக்கா! மூத்தவ கல்யாணத்துக்கு முந்தியே இல்ல. நீங்கதான் தெனமும் வந்து குடிக்கீயல்லா?”

தினமும்தான் குடித்தேன். தினமும் அவள் தட்டுவதைத்தான் பார்த்தேன். இல்லாத கரண்டியை, இல்லாத தட்டலை. காப்பி தித்திப்பாகத்தான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் நாக்குக் கூட இல்லாமல் போயிருக்கிறது. கோமதியை எழுதி முடித்த அன்றைக்கே நான் அவளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் அவள் மகளைக் கட்டிக்கொடுத்தாள், புருஷனைப் பறிகொடுத்தாள், சர்க்கரையைக் கொட்டினாள். நான் புத்தகத்தில் இருந்தவளோடேதான் பழகிக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லோரையும் பார்த்துப் பார்த்து எழுதினேன் என்று நினைத்தேனே, ஒவ்வொருவராக எழுதி, ஒவ்வொருவராகப் பார்க்காமல் விட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். அழுகை வந்தது. கோமதி பயந்துபோய், சர்க்கரை அதிகமா என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து உன்னை நினைத்தேன். இரண்டாவது நாவலில் யாரிடமும் சரி சரி என்கிற ஒரு பையன் வருவான். அது நீதான், உனக்கும் தெரியும். அப்போது நீ எட்டாவது படித்தாய். நீ அப்படி இருந்ததால் நான் எழுதினேனா, நான் எழுதிவிட்டதால் நீ அப்படியே இருந்துவிட்டாயா, எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் முன்னால் உன்னைத் திட்டினேனே, அதுகூட அந்தப் புத்தகத்துப் பையனைத்தானோ என்னவோ. அன்று உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன், உன்னைக் கதையில் போட்டதற்கு எப்போதாவது கோபம் வந்திருக்கிறதா என்று.  நீ, “மழை வருதும்மா, மாடியில துணி கெடக்கு, வைக்கேன்” என்றாய். ஓசூரில் அன்று மழை இல்லை, செய்தியில் பார்த்தேன். பரவாயில்லை, விடு. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. இனிமேல் உன்னைப் புதிதாகப் பார்க்க முயற்சி செய்கிறேன். இந்த வயதில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

மறுநாள் அந்தப் பிள்ளைக்கு நானே போன் பண்ணி, எழுத மாட்டேன் என்று சொன்னேன். மனசுக்குள்ளும் எழுதாமல் இருக்கப் பார்க்கிறேன், அதற்கு உத்தரவாதம் தர முடியாது, தவறினால் அவளிடமே வந்து சொல்கிறேன் என்றும் சொன்னேன். அவள் என்ன பதில் சொன்னாள் என்பது எனக்கும் அவளுக்கும்.

பிறகு பூ வைக்கப் போனோம். உனக்கு லீவு இல்லை, நீ வரவில்லை. கூடம் நிறையப் பெண்கள். ஒவ்வொருத்தியும் அடுத்தவள் சேலையை விலை போட்டுக்கொண்டிருந்தாள், சம்பந்தியம்மா ஆளுக்கு இரண்டு இலைச் சாப்பாட்டைக் கட்டாயப்படுத்திக்கொண்டிருந்தாள், கோமதி அவளிடம் ‘நீங்கதான் உண்மையிலயே நல்லவுக’ என்று சொல்லி அவள் கண்ணைக் கலங்க வைத்துவிட்டாள். இந்த ஆரவாரத்துக்கு நடுவில் நான் பூச்சரத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளை பக்கத்தில் போனேன். வைத்துவிட்டுத் திரும்பினேன். அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். சின்னக் காரியம். அத்தனை பேரில் யார் கண்ணிலும் படவில்லை. நான் பார்த்தேன். நான் பார்த்துவிட்டேன் என்பதை அவளும் பார்த்தாள்.

நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் அதுதான், மக்கா. எனக்குப் பிடிக்கவில்லையோ என்று பயந்தாயே, அந்தப் பயத்தை இன்றோடு விடு. மனிதர்களைப் பார்த்தே வயதானவள் நான். இத்தனை பந்தியிலும் இத்தனை பஸ்ஸிலும் அந்த மாதிரி ஒன்றை நான் கண்டதில்லை. எந்த நாவலுக்குள் போட்டாலும் அந்த நாவல் நிலைத்து நின்றுவிடும். அதை எழுத மாட்டேன். அப்பாவிடமும் சொல்லவில்லை, சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும். உன்னிடமும் சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டால் நீ ஆயுசு முழுக்க அந்த ஒன்றையே அவளிடம் தேடிக்கொண்டிருப்பாய். நீ அவளோடு இருக்கப் போகிறவன், நீயே பார். கல்யாணம் ஆன மறுமாசமும் ஆகலாம், எனக்கு வயதாகிப் பேர் மறந்துபோன பிறகும் ஆகலாம். ஒருநாள் உன் கண்ணிலும் படும். அன்றைக்கு எனக்கு ஒரு போன் போடு. “பாத்துட்டேம்மா” என்று மட்டும் சொல்லு. என்னத்தை என்று நான் கேட்க மாட்டேன்.

அம்மா